ஒன்பதாம் பகுதியை விட்டுவிடுங்கள்

ரவாங்
2 மார்ச் 2025

அன்புள்ள சீதா அத்தைக்கு,

ஜனகா வணக்கத்துடன் எழுதும் கடிதம். விடுதி பழகிவிட்டது. சாப்பாட்டில் உறைப்பு இல்லை என்பதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? மாமா நலமா?

இந்தப் பள்ளியில் கைப்பேசி வைத்துக்கொள்ளக் கூடாது. பொதுத் தொலைபேசி ஒன்று இருக்கிறது. அதற்கு நிற்கும் வரிசையில் என் முறை வருவதற்குள் மணி அடித்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். வார்டன் இந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பஞ்சாங்னியா!" என்றார். மலாயில் இவ்வளவு நீளமா என்று அர்த்தம். தமிழ் அவருக்குத் தெரியாது. நாம் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம்.

நீங்கள் இப்போது டிவி போடுவதே இல்லை என்று அம்மா சொன்னார். எனக்கு நம்பவே முடியவில்லை. தையல் மெஷினை மிதித்துக்கொண்டே காதல் தொடர்களைப் பார்த்து, கதாநாயகனைத் திட்டித் திட்டி எனக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவரே நீங்கள்தானே.

உங்களுக்காக ஒரு தொடரை யோசித்து வைத்திருக்கிறேன். பெயர் "கொம்பில் பூக்கும் வசந்தம்". தமிழ்ப் பெயர் நான் வைத்தது. ஜப்பானிய அனிமே. "கார்ட்டூனா?" என்று சிரிக்காதீர்கள். மியோரி என்று ஒரு பெண், மலையடிவாரத்தில் குடை பழுதுபார்ப்பவள். காட்டின் தலைவன் தோகுமா. அவனுக்கு மான்கொம்பு உண்டு. வசந்தத்தில் அதில் பூ பூக்கும். வெட்கப்பட்டாலும் மொட்டு வந்துவிடும். கோபமாக நடித்துக்கொண்டிருக்கும்போதே மொட்டு வெடித்து அவன் மானம் போகும். ஐயோ அத்தை, நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். ஆங்கிலக் குரல் வேண்டாம், ஜப்பானியக் குரலிலேயே பாருங்கள். கீழே மலாயில் எழுத்து ஓடும். முதல் பகுதி மெதுவாகப் போகும். மூன்று முடியும்வரை தீர்ப்புச் சொல்லக் கூடாது. தொடக்கப் பாட்டைத் தாண்டிவிடாதீர்கள், படங்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே வரும்.

ஒன்று மட்டும். ஒன்பதாம் பகுதியை விட்டுவிடுங்கள். கதைக்குச் சம்பந்தமில்லாமல் நடுவில் போட்டது, சுத்த அறுவை. எட்டிலிருந்து நேராகப் பத்துக்குப் போய்விடலாம்.

கட்டாயம் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

உங்கள் மருமகள்
ஜனகா


கிள்ளான்
23 மார்ச் 2025

அன்பு ஜனாவுக்கு,

அத்தை எழுதுவது. நான் நலம். மாமா நலம். நீ நன்றாகச் சாப்பிடு.

உன் கடிதம் வந்து பல நாளாகிறது. பதில் எழுத உட்கார்ந்தால் வேறு வேலை வந்துவிடுகிறது. கடைக்குத் திரும்பிவிட்டேன். பவுனம்மாள் அக்கா, "வீட்டுல ஒக்காந்து சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்காத, வந்து ஹுக்காச்சும் தை" என்று ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். நல்ல முதலாளி. நல்ல வாய்.

மாமா துறைமுகத்துக்கும் ஷா ஆலமுக்கும் லோரி ஓட்டுகிறார். வருகிறார், சாப்பிடுகிறார், படுக்கிறார். தொட்டிலைக் கழற்றி எங்கேயோ கொடுத்துவிட்டார். கூரையில் இருக்கும் கொக்கியைக் கழற்ற மறந்துவிட்டார். கூடத்தில் படுத்தால் அதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

உன் தொடரை இன்னும் பார்க்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

ஒரு விஷயம். பிளவுஸ் லைனிங்கில் மிச்சமானதை ஒட்டுப்போட்டு வெளிர்ப்பச்சையில் ஒரு போர்வை தைத்தேனே, ஓரத்தில் வாத்துகள் வைத்து. நீகூட ஒரு வாத்துக்குக் கண் தைத்தாய். அலமாரியில் அது இல்லை. மருத்துவமனைப் பைக்குள் வைத்திருந்தேன். உன் அம்மா எடுத்துப்போனாரா, கேட்டுச் சொல்.

அன்புடன்
அத்தை


ரவாங்
13 ஏப்ரல் 2025

அன்புள்ள அத்தைக்கு,

நாளை சித்திரைப் புத்தாண்டு. உங்களுக்கும் மாமாவுக்கும் என் வணக்கமும் வாழ்த்தும். நான் நலம். கால் சுளுக்கிக்கொண்டது, சரியாகிவிட்டது.

நோன்புப் பெருநாள் விடுமுறைக்குப் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குப் போயிருந்தேன். நீங்கள் வருவீர்கள் என்று அப்பா ரொட்டி சானாய் வாங்கிவைத்துக் காத்திருந்தார். நீங்கள் வரவில்லை. ஆறிப்போனதை நானே தின்றேன்.

இங்கே என் பக்கத்துக் கட்டில் ராஜினியிடமும் இந்தத் தொடரைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவள் கேட்கிறாள்: "கொம்பு வச்சவனோட எப்படி ஒரே தலகாணில படுக்க முடியும்? குத்தாதா?" இந்தக் கேள்விக்கு நான்காம் பகுதியில் பதில் இருக்கிறது. சொல்ல மாட்டேன். கதையை முன்கூட்டி உடைப்பது பெரிய பாவம் என்று பார்ப்பவர்கள் நடுவே ஒரு வழக்கம். யார் எதை எப்போது தெரிந்துகொள்ள வேண்டுமோ அப்போதுதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று பகுதி மட்டும் பாருங்கள் அத்தை. எனக்காக. பிடிக்காவிட்டால் நான் இனி எந்தத் தொடரைப் பற்றியும் உங்களிடம் பேச மாட்டேன். இது சத்தியம், என்னால் காப்பாற்ற முடியுமா தெரியவில்லை.

ஜனகா


கிள்ளான்
4 மே 2025

அன்பு ஜனாவுக்கு,

நலம். கால் சுளுக்குக்கு எண்ணெய் போட்டு நீவு, ஆனால் அழுத்தாதே.

பார்த்தேன். ஒரு நாள் கடையில் மின்சாரம் போய் மெஷின் ஓடவில்லை. சும்மா இருக்க முடியாமல் கைப்பேசியை நூல்கண்டின்மேல் சாய்த்துவைத்தேன். மூன்று முடிந்துவிட்டது. இப்போது ஆறில் இருக்கிறேன். அந்தப் பையன் குடையை ரிப்பேருக்குக் கொண்டுவருவதற்காகத் தானே தன் குடையை உடைத்துக்கொள்கிறானே, அங்கே நான் சிரித்துவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

பவுனம்மாள் அக்காவும் கூட உட்கார்ந்துவிட்டார். "ஏய் சீதா, இந்தக் கொம்பனுக்கு வாயே இல்லையா? பேச வேண்டிய எடத்துல எல்லாம் மொட்டு விட்டுக்கிட்டு நிக்குறான்!"

"பேசாத ஆம்பளைக்கு மொட்டாச்சும் வருதேக்கா" என்றேன். "நம்ம வீட்டுல அதுவும் இல்ல." அதற்கும் சிரித்தார்கள்.

நேற்று ஒரு வாடிக்கையாளர் வந்தார். போன தீபாவளிக்கு என் வயிற்றைத் தடவிப் பார்த்தவர். "சீதா, பேபி எப்படி இருக்கு? பையனா பொண்ணா? யாரு பாத்துக்குறா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா குறுக்கே வந்து, "ஆன்டி, லைனிங் காட்டன் போடவா சாட்டின் போடவா?" என்றார். சாட்டின் என்று முடிவானது. எனக்குப் பதில் சொல்ல வேண்டும்போல் இருந்தது. பொண்ணு என்று.

போர்வையைப் பற்றி நீ எழுதவே இல்லையே.

அத்தை


ரவாங்
18 மே 2025

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நீங்கள் சிரித்தீர்கள் என்று படித்ததும் நான் படுக்கையில் எழுந்து குதித்தேன். கால் மறுபடியும் வலிக்கிறது. மாமா எப்படி இருக்கிறார்?

ஆறாம் பகுதியில் திருவிழா விளக்குகளைக் கவனித்தீர்களா? ஒவ்வொரு விளக்கிலும் வேறு வேறு பூ. தொடரை வரைந்தவர்கள் எவ்வளவு பொறுமையாக வரைந்திருக்கிறார்கள்! ஏழில் கல்யாணம். மியோரியின் உடையைத் தையல்காரராக உங்கள் கண்ணால் பாருங்கள். கை வெட்டு எப்படி என்று எனக்குச் சொல்ல வேண்டும்.

மே கடைசியில் விடுமுறை. கிள்ளானுக்கு வந்து உங்களோடு தங்க அப்பாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். எட்டாம் பகுதியைச் சேர்ந்து பார்ப்போம். அதற்கு முன்னால் போய்விடாதீர்கள்.

அம்மாவிடம் கேட்க மறந்துவிட்டேன்.

ஜனகா


கிள்ளான்
15 ஜூன் 2025

அன்பு ஜனாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? நீ விட்டுப்போன நீலச் சட்டையைத் துவைத்து வைத்திருக்கிறேன். நான் நலம்.

நீ இருந்த நாட்களில் வீட்டில் சத்தம் இருந்தது. மாமாகூட உன்னிடம் பேசினார். "எஸ்பிஎம் பரீட்சைல தமிழ் இலக்கியம் எடுக்கிறியாமே, சோறு போடுமா?" என்று கேட்டார். "சோறு அத்த போடுவாங்க" என்றாய். அவர் சிரிக்கப் பார்த்தார். உன்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன்.

ஜனா, எட்டு முடிந்ததும் திரை தானாக ஒன்பதுக்குப் போனது. ஒரு ஊஞ்சல் தெரிந்தது. நீ சட்டென்று கையை நீட்டித் தாண்டிவிட்டாய். அறுவை என்றாய். அறுவையான பகுதியைத் தாண்ட ஏன் அவ்வளவு அவசரம்?

பத்தைத் தனியாகப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எட்டில் ஒருவர் மடியில் ஒருவர் சாய்ந்துகொண்டிருந்தவர்கள், பத்தில் ஒரே வீட்டில் முகம் பார்க்காமல் இருக்கிறார்கள். அவனுக்கு ஒரு கொம்பு இல்லை. இருக்கிற கொம்பிலும் பூ இல்லை. அவள் ஒரு சின்ன வெள்ளை மரத்தடியில் போய் நிற்கிறாள், ஏன் நிற்கிறோம் என்று அவளுக்கே தெரியாததுபோல. தொடக்கப் பாட்டில்கூட அந்த ஊஞ்சல் காணாமல் போய்விட்டது.

என்ன நடந்தது? நீ சொன்னால் போதும்.

அத்தை


ரவாங்
29 ஜூன் 2025

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். பத்திரமாகச் சேர்ந்தேன். நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன்.

ஒன்பதில் பெரிதாக எதுவும் இல்லை. வேடர்கள் காட்டுக்குள் வருகிறார்கள். சண்டையில் தோகுமாவின் கொம்பு உடைகிறது. கொம்பு போன வெட்கத்தில் அவன் மியோரியிடம் பேசாமல் இருக்கிறான். ஆண்கள் அப்படித்தானே. அவளுக்கும் கோபம். மரம் சும்மா அழகுக்காக வரைந்தது. அவ்வளவுதான் அத்தை.

கடைசிப் பகுதி பதிமூன்றில் எல்லாம் சரியாகிவிடும். நம்பிப் பாருங்கள்.

இங்கே மழை. துணி காயவே மாட்டேன் என்கிறது. வேறு செய்தி இல்லை.

ஜனகா


கிள்ளான்
20 ஜூலை 2025

அன்பு ஜனாவுக்கு,

நலம். உனக்குத் தேர்வு நடக்கும் நேரத்தில் இதை எழுதக் கூடாது. ஆனால் உன் அப்பா சொல்லி நீ தெரிந்துகொள்வதைவிட நானே சொல்வது நல்லது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூட்டிக்கில் தையலுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். தீபாவளி வேலை முடிந்ததும் வருகிறேன். உன் அறையில் தங்கிக்கொள்ளச் சொல்லி அண்ணன் சொல்கிறார். மாமா கிள்ளானிலேயே இருப்பார். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடுவதற்கும் இரண்டு பேர் பேச வேண்டுமே.

மாமாவிடம் சொன்னேன். "உன் இஷ்டம்" என்றார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு லோரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை. வேலையே கிடையாது. ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான். எங்கே என்று கேட்டால் டயர் பார்க்க என்கிறார்.

உன் தொடரைப் பதினொன்றோடு நிறுத்திவிட்டேன். ஒரு கொம்பு உடைந்ததற்காகக் கட்டினவளை இப்படித் தள்ளிவைக்கிறவன் கதையை எதற்குப் பார்க்க வேண்டும்? அவனுக்குக் கொம்புதான் வலித்தது. அவளுக்கு என்ன வலித்தது என்று ஒரு வார்த்தை கேட்டானா? பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு முடிவு தெளிவாகிவிட்டது. அதற்காவது உனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

நன்றாகப் படி. உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தை


ரவாங்
27 ஜூலை 2025

அத்தை,

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேனோ தெரியாது. ராஜினி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வேடர்கள் யாரும் வரவில்லை. நான் கதை கட்டினேன். ஒன்பதாம் பகுதி அறுவையும் இல்லை. முழுத் தொடரும் அதன்மேல்தான் நிற்கிறது. அதைத் தாண்டினால் தோகுமா கெட்டவனாகத் தெரிவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உங்களுக்கு வலிக்கக் கூடாது என்பது மட்டும்தான் தோன்றியது. அப்படியானால் எதற்கு இந்தத் தொடரைப் பார்க்கச் சொன்னாய் என்று கேட்பீர்கள். நூறு தொடர் இருக்கும்போது இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

ஒன்பதைப் பாருங்கள். கடையில் வேண்டாம். பவுனம்மாள் அக்காவை வீட்டுக்குக் கூப்பிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு பாருங்கள்.

பார்த்த பிறகு பிரிக்பீல்ட்ஸ் வருவதானால் வாருங்கள். என் கட்டில் உங்களுக்கு. ஆனால் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

ஜனகா


கிள்ளான்
10 ஆகஸ்ட் 2025

ஜனகா,

பார்த்தேன். யாரையும் கூப்பிடவில்லை.

அந்தக் காட்டிலும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பிறந்தது கண்ணைத் திறக்கவில்லை என்றதும் ஒரு திரையை இழுத்து மறைக்கிறார்கள். தாய்க்குக் காட்டக் கூடாதாம். "பார்த்தால் மறக்க முடியாது" என்கிறாள் ஒருத்தி. மலாய் எழுத்தில் அதைப் படித்தேன். இதையேதான் உன் அம்மா என் கட்டில் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார். "வேணாம் சீதா. பாத்தா மறக்க முடியாது. பாக்கலன்னா கொஞ்ச நாள்ல ஆறிடும்."

ஆறவில்லை. முகம் தெரிந்தால்தானே மறப்பதற்கு. தெருவில் போகிற ஒவ்வொரு குழந்தையின் முகத்தையும் எடுத்து வைத்து வைத்துப் பார்க்கிறேன். எதுவும் பொருந்தவில்லை.

நான் கேட்டேன் ஜனகா. மயக்கம் தெளிந்ததும் முதலில் அதைத்தான் கேட்டேன். "எல்லாம் முடிஞ்சிடுச்சும்மா" என்றார் உன் அப்பா. எங்கே வைத்தீர்கள் என்றால், அதையெல்லாம் பொம்பளைகள் கேட்கக் கூடாது என்றார். வீட்டுக்கு வந்தால் தொட்டில் இல்லை, சின்னச் சட்டைகள் இல்லை, பவுடர் டப்பா இல்லை. அப்படி ஒருத்தி வரவே இல்லை என்பதுபோல எல்லாரும் சேர்ந்து துடைத்து வைத்திருந்தீர்கள். ஒரு பகுதியை அப்படியே தாண்டிவிட்டு, அடுத்ததில் நான் ஏன் சிரிக்கவில்லை என்று கவலைப்பட்டீர்கள்.

நீ சின்னப் பெண். நீயாவது அப்படி இல்லை என்று நினைத்திருந்தேன்.

அவன் அந்தப் பிஞ்சைத் தூக்கிக்கொண்டு போய், தன் கொம்பைத் தானே உடைத்து அங்கே நட்டான். அதுதான் அந்த வெள்ளை மரம். அவள் தினமும் அங்கேதான் போய் நின்றிருக்கிறாள், தெரியாமல்.

அன்றைக்கு நீ காரில் இருந்தாய். உன்னை வீட்டில் விட நேரமில்லை என்று உன் அம்மா ஒரு தடவை வாய்தவறிச் சொன்னார். அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன்.

நீ பார்த்தாயா?


ரவாங்
17 ஆகஸ்ட் 2025

என் அன்பு அத்தைக்கு,

பார்த்தேன்.

மாமா யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். "அத்தைகிட்ட சொல்லிடாதம்மா, தாங்க மாட்டா" என்றார். அவரிடம் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அவருக்கும் இதைத் தெரிவித்துவிடுங்கள். நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். அழகுக்காக ஒரு சொல்கூடச் சேர்க்க மாட்டேன்.

அப்பா கார் ஓட்டினார். முன்னால் உட்காரச் சொன்னார், மாமா கேட்கவில்லை. பின்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பெட்டி ஒன்று கொடுத்திருந்தார்கள். அதைக் காலடியில் வைத்துவிட்டுக் குழந்தையை மடியில் வைத்திருந்தார். உங்கள் பச்சைப் போர்வையில் சுற்றியிருந்தது. நீங்கள் கேட்டபோதெல்லாம் நான் பதில் எழுதாதது அதனால்தான். அதைப் பையிலிருந்து எடுத்தது மாமா. "அவ தச்சது, இதுலதான் போகணும்" என்று தாதியிடம் சொன்னாராம்.

சிவப்பு விளக்கில் கார் நின்றது. மாமா போர்வையைக் கொஞ்சம் விலக்கினார். நான் பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியும், மறைக்கவில்லை.

முடி நிறைய இருந்தது அத்தை. கருகருவென்று, நெற்றியில் ஒட்டிக்கொண்டு. தூங்குகிற முகம். வருத்தமான முகம் இல்லை. யாரோ கூப்பிட்டதற்கு அப்புறம் வருகிறேன் என்பதுபோல உதடு கொஞ்சம் பிதுங்கியிருந்தது. மாமாவின் மோவாய்க் குழி அப்படியே. இடது காது மேல்பக்கம் மடிந்திருந்தது, உங்கள் காதுபோல. தோடு போடும்போது நீங்கள் நிமிர்த்திவிடுவீர்களே, அந்தக் காது. மாமா அதை விரலால் நிமிர்த்தினார். அது மறுபடியும் மடிந்துகொண்டது. "பாரு, உங்க அத்ததான்" என்றார்.

ஒரு கை வெளியே வந்திருந்தது. நகங்கள் நீளமாக, வெட்டவேண்டியவைபோல் இருந்தன. என் சுண்டுவிரலை அந்த உள்ளங்கையில் வைத்தேன். குளிர்ச்சியாக இருந்தது. எனக்குப் பயமாக இல்லை. பிறகு விளக்கு பச்சையானது. மாமா கையை உள்ளே வைத்து மூடினார். நான் கண் தைத்த வாத்து மேலே இருந்தது.

இடுகாட்டு வாசலில் என்னைக் காரிலேயே இருக்கச் சொன்னார்கள். பெண்கள் உள்ளே வரக் கூடாதாம். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மாமா பெட்டியை யாரிடமும் கொடுக்கவில்லை. அவரே சுமந்துபோனார். அதற்குமேல் எனக்குத் தெரியாது. எந்த இடம் என்று மாமாவுக்குத்தான் தெரியும்.

நீங்கள் வைக்க நினைத்த பெயரை மெஷின்மேல் சாக்குக்கட்டியால் எழுதிப் பார்த்துவிட்டு அழித்தீர்கள். நான் படித்துவிட்டேன். காரில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிட்டேன், மனதுக்குள். இங்கே எழுதவில்லை. முதலில் நீங்கள் சொல்ல வேண்டும்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜனகா


கிள்ளான்
7 செப்டம்பர் 2025

அன்பு ஜனாவுக்கு,

அத்தை எழுதுவது. நான் நலமாக இல்லை. இப்படியும் கடிதத்தைத் தொடங்கலாம் என்று இன்றுதான் தெரிகிறது. நீ எப்படி இருக்கிறாய்? நீயும் உண்மையையே எழுது.

உன் கடிதத்தை மாமாவிடம் கொடுத்தேன். லோரிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே படித்தார். அந்தக் காது வருகிற இடத்தில் உட்கார்ந்துவிட்டார். "ஒனக்குக் காட்டியிருக்கணும்" என்றார். "எல்லாரும் வேணாம்னாங்க. நானும் சரின்னுட்டேன். அப்புறம் ஒன் மூஞ்சியப் பாக்க முடியல. நான் மட்டும் பாத்துட்டேனே, எப்படிப் பேசுறது?"

போன ஞாயிறு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். காவலாளி, "பொம்பளைங்க உள்ள வர்றது வழக்கம் இல்லக்கா" என்றார். மாமா, "அம்மா அவதாண்ணே" என்றார். அவர் கதவைத் திறந்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கல் இல்லை, பெயர் இல்லை. வேலியோரம் புல். ஆனால் வேலிக் கம்பியில், லோரியில் சரக்குக் கட்டுகிற நீலக் கயிற்றில் ஒரு துண்டு கட்டியிருந்தது. மாமாவின் முடிச்சு. பழையது வெளுத்திருந்தது, அதன்மேல் புதியது, அதன்மேல் இன்னொன்று. டயர் பார்க்கப் போன ஞாயிறுகள் எல்லாம் அங்கே இருந்தன.

உட்கார்ந்தேன். பெயரைச் சொன்னேன். சத்தமாகத்தான். மாமாவும் சொன்னார். அதற்குப் பிறகு நான் அழுத அழுகையை உனக்கு எழுதத் தெரியவில்லை. இத்தனை மாதமும் எங்கே வைத்திருந்தேனோ.

பிரிக்பீல்ட்ஸ் வேலையைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. ஒரு நாளில் எல்லாம் சரியாவதற்கு நமக்கு என்ன பதிமூன்றாம் பகுதியா இருக்கிறது? நேற்றுகூட இரண்டு பேரும் பேசாமல்தான் சாப்பிட்டோம். ஆனால் அவர் எழுந்து போகவில்லை.

உன் அம்மாவை நான் கோபித்துக்கொள்ளவில்லை என்று சொல். கொஞ்சம் கோபம் இருக்கிறது என்றும் சொல்.

மாமா தொடரைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறார். இப்போது இரண்டில் இருக்கிறார். "இந்தக் கொம்ப வச்சிக்கிட்டு லோரி கதவுல எப்படி நொழைவான்?" என்கிறார். எதையாவது தாண்ட வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஒன்பது வரும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

விடுமுறைக்கு வா. கூரைக் கொக்கியைக் கழற்றட்டுமா என்று மாமா கேட்டார். இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்
அத்தை, மாமா,
கவிநிலா